மாலையில் விடுவிக்கப்பட்டனர்: ஒரு சொல்லாய்வு

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தையே நிகண்டாகக் கொண்டு இவ்வாய்வு நிகழ்த்தப்பட்டது. ஆய்வாளர் என்று வருமிடமெல்லாம் அது என்னையே குறிக்கும், இன்ஸ்பெக்டரை அன்று.

'கைது' என்பது 'கை'யிலிருந்து பிறந்ததாகப் பலர் நம்புகின்றனர். தவறு. கட்டு, சிறை என்று பொருள்படும் அரபுச் சொல், உருது வழியே நம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் சட்டம் அந்த நம்பிக்கையின் பக்கம் நிற்கிறது. ஆள் சொல்லாலோ செயலாலோ தானாகக் கட்டுப்படாவிட்டால், உடலைத் தொட்டோ அடைத்தோதான் கைது செய்ய வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் தெருமுனை தாண்டிவிடுவார்.) ஆக, சொற்பிறப்பு பிழை, கை வைப்பது சரி.

'ஜாமீன்' கதை வேறு. மூலத்தில் அது பொறுப்பேற்கும் ஆளைக் குறித்த சொல். நாம் ஆளை விட்டுவிட்டு விடுதலைக்கு அப்பெயரைச் சூட்டினோம். பிறகு ஆள் தேவைப்படவே 'ஜாமீன்தாரர்' என்று ஒருவரைப் பிடித்து வந்தோம். 'ஸ்டேஷன் ஜாமீன்' ரயில்வே தொடர்பானதன்று. தூய தமிழில் 'பிணை' என்பர். அதற்குப் பெண்மான் என்றும் பொருளுண்டு. முன்பிணை மனுவை வனத்துறைக்கு அனுப்பலாமா என்பதை வேறொரு கட்டுரைக்கு ஒத்திவைக்கிறேன்.

இனித் தலையாய வாக்கியம்: 'மறியலில் ஈடுபட்ட 50-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டு, தனியார் திருமண மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டு, மாலையில் விடுவிக்கப்பட்டனர்.' உலகில் வேறெங்கும் கைதானவர் 'தங்க' வைக்கப்படுவாரா, தெரியவில்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. மண்டபக் கைதுக்கு அவ்வளவு நேரம் எதற்கு? தக்காளி சாதப் பொட்டலம் வரும். வரத் தாமதமானால் அதற்கும் ஒரு கோஷம் எழும். பிறகு ஒரு சிறு தூக்கம். முகூர்த்த நாளில் மறியல் வைப்பவர்தான் போலீஸாருக்கு உண்மையிலேயே தலைவலி.

ஆய்வாளர் அஞ்சும் சொல் 'கைது' அன்று. 'விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்' என்பதே. அழைப்பது விருந்துக்கான வினை. அழைத்துச் செல்லப்பட்டவருக்கு மண்டபமும் இல்லை, பொட்டலமும் இல்லை. அவர் கைதாகவே இல்லை என்பதால், ஸ்டேஷன் கணக்கில் அந்த 24 மணி நேரம் ஓடத் தொடங்குவதும் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடும்.

எஞ்சியது 'மாலையில்'. பொழுதா, பூவா? உரையாசிரியர்கள் இருபொருள் கொள்வர். மண்டப வாசலில் சம்பங்கி மாலையோடு காத்திருக்கும் வட்டச் செயலாளரைப் பார்த்தபின் ஆய்வாளரும் அவ்வாறே கொண்டார்.