சம்பளம் ஒன்றுதான், சீனியர்தான் வேறு

கேள்வி: நியூயார்க்கில் இரண்டு பெரிய சட்ட நிறுவனங்கள் ஒரு புது வக்கீலை அழைத்தால் எதில் சேரலாம்?

பதில்: சம்பளம் கை கொடுக்காது. 2023 இறுதியில் முன்னணி நிறுவனங்கள் பலவற்றில் முதலாண்டு வக்கீலுக்கு ஒரே தொகைதான்: ஆண்டுக்கு 2,25,000 டாலர். ஒருவர் ஏற்றினால் மற்றவர்களும் ஏற்றிவிடுவார்கள், பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மாதிரி. அதனால், வேலையை யார் பங்கிடுகிறார்கள் என்று பாருங்கள். கிராவத் என்ற நிறுவனத்தில் ஜூனியரை ஒரு பார்ட்னரிடம் ஒப்படைத்து, பிறகு அடுத்தவரிடம் மாற்றுவார்கள். சில இடங்களில் வேலையை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். கூச்ச சுபாவக்காரருக்கு அங்கே பட்டினிதான். பெரிய பெயர் பாதுகாப்பாயிற்றே என்பீர்கள். டூயி அண்ட் லபூஃப் என்ற சட்ட நிறுவனத்தின் பெயரும் பெரிதுதான், அது 2012-இல் திவாலானது. இன்டர்வியூவில் ஒரு ஜூனியரிடம், 'நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்லுமுன் அவர் பார்ட்னர் அறையைத் திரும்பிப் பார்த்தால், மற்ற நிறுவனத்துக்கு ஃபோன் போடுங்கள்.