கொன்றான் என்று தொடங்கும் கல்வி

எபிரேய பாஷை கற்றவன் ஒருவன் ஊரில் இருந்தால் அவனால் ஊருக்கு ஏதேனும் ஒரு பிரயோசனம் விளைந்தே தீரவேண்டும் என்பது மட்டக்களப்புக் கிரான் ஊர் மக்களின் அசையாத சித்தாந்தம். வயலும் எருமைப் பட்டியுமாகச் சீவிக்கின்ற இவ்வூரில், பயனற்ற ஒன்றை ஒருவன் பொருள் செலவழித்துக் கற்றிருப்பான் என்று எண்ணுவதற்கு எவரும் ஆயத்தமாக இல்லை. அன்றியும், மட்டக்களப்பார் விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைக்கும் மந்திரம் அறிந்தவர்கள் என்று யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாகப் பரப்பிவரும் கீர்த்தி ஒன்று நமக்கு உண்டாகையால், வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தை ஒருவன் எழுதக் கண்டால், அது மாந்திரீகமே என்று இங்குள்ளோர் துணிவதில் ஆச்சரியம் இல்லை.

"மருமகன், அந்த எழுத்தால ஒரு சக்கரம் கீறித் தாங்க, வெள்ளாமைக்குள்ள யானை இறங்குது" என்றார் போடியார் மாமா ஒருவர்.

"மாமா, இது வேதப் புத்தகம் வாசிக்கிற பாஷை, யானைக்கு விளங்காது" என்றேன்.

"யானைக்கு எந்தப் பாசை விளங்கும் எண்டு நீங்க படிச்ச இடத்தில சொல்லித் தரல்லியா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எந்த இலக்கண நூலிலும் விடை இல்லை.

நான் பெற்ற கல்வியின் வம்சாவளியோ விசித்திரமானது. வங்காளத்து ஹூக்ளி நதிக்கரையில், அக்காலத்தில் தென்மார்க்கு அரசுக்கு உரியதாயிருந்த செராம்பூரில், கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூவர் 1818-இல் ஒரு கல்லூரியை நிறுவினர். அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தை 1827-இல் தென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரடெரிக் சாசனமாக அளித்தார். அந்தச் சாசனத்தின் நிழலிலேதான் தென்னிந்தியக் கல்லூரிகள் பலவற்றிலும், 1963-இல் பிலிமத்தலாவையில் தோன்றிய இலங்கை இறையியல் கல்லூரியிலும் நம்மவர் இறையியல் பயில்கின்றனர். ஆகவே, கிரானில் பிறந்த ஒருவன், யூதருடைய பாஷையை, கெசேனியுஸ் என்னும் ஜெர்மானியர் 1813-இல் வெளியிட்ட இலக்கணத்தின் வழிவந்த ஆங்கிலப் பாடநூலைக் கொண்டு, தென்மார்க்கு மன்னரின் அனுக்கிரகத்தால், வங்காளத்துப் பட்டம் பெறும்பொருட்டுக் கற்கின்றான். இத்தனை தேசங்கள் ஒன்றுகூடியும் பரீட்சை மண்டபத்தில் அவனுக்குத் துணையாக ஒருவரும் வருவதில்லை.

ஆரம்ப வகுப்பில் அகந்தை மிகும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைப் பாலப் பருவத்திலேயே விழுங்கிவிட்டவனுக்கு இருபத்திரண்டு மெய்யெழுத்து எம்மாத்திரம்! ஆனால் இப்பாஷையோ மெய்யை மாத்திரம் எழுதி, உயிரை வாசகனின் ஊகத்துக்கு விட்டுவிட்ட பாஷை. பின்னாளில் திபேரியாவில் வாழ்ந்த மசோரேத்தியர் என்னும் பண்டிதர்கள், இரக்கம் கொண்டு, எழுத்தின் கீழும் மேலும் வயிற்றினுள்ளும் புள்ளிகளை இட்டனர். நம் நாட்டு விடுதி விளக்கின் கீழே, அவற்றுள் மசோரேத்தியர் இட்டவை எவை, ஈ இட்டவை எவை என்று பகுத்தறிவதே முதலாம் ஆண்டின் ஆராய்ச்சியாகும்.

இரண்டாம் கட்டம் வினைச்சொல். நம் பவணந்தி முனிவர் நன்னூலில் வினைப் பகுதிகளைச் சொல்லப் புகுந்து, சாந்தமாக 'நட' என்று தொடங்கினார். மேனாட்டு எபிரேய இலக்கணக்காரர் பலரோ 'கொன்றான்' என்ற வினையையே வாய்பாடாகத் தெரிந்தெடுத்தனர். கொன்றான், கொல்லப்பட்டான், கொல்வித்தான் என ஏழு வகையில் அதை மனனம் செய்யவேண்டும். அவ்வேழனுள் தன்னைத்தானே கொன்றான் என்பதும் ஒன்று. அது மாத்திரம் மாணவர்க்கு விரைவில் மனத்தில் பதிந்துவிடும். இவ்விடத்தில் தமிழனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வினையின் விகுதியே ஆணையும் பெண்ணையும் காட்டும் என்பது ஆங்கிலேயனுக்குப் புதுமை. நமக்கோ தாய்ப்பாலோடு வந்த விஷயம். ஆயினும் முன்னிலையிலும் ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி என்று எபிரேயம் மேலும் ஓரடி எடுத்துவைக்கும்போது நம் சௌகரியமும் முடிந்துபோகும்.

உயர்தர வகுப்பில் எழுத்துக்கள் மறையத் தொடங்கும். 'கொடு' என்னும் பொருளுடைய 'நாத்தன்' என்ற வினை, கர்ணனைப் போலத் தன்னிடம் உள்ளதையெல்லாம் தானம் செய்துவிட்டு, சில இடங்களில் முதல் நகரத்தையும் ஈற்று நகரத்தையும் இழந்து நடுவெழுத்தோடு மாத்திரம் வந்து நிற்கும். அகராதியைத் திறப்போமென்றால், பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் என்னும் மூவர் தொகுத்து 1906-இல் வெளிவந்த பேரகராதி தாதுக்களின் வரிசையில் அமைந்தது. சொல்லின் தாதுவை முன்னமே அறிந்தவனுக்கே அது கதவு திறக்கும். அறிந்தவனுக்கு அகராதி எதற்கு என்று நான் வினவியபோது, ஆசிரியர் மந்தகாசம் புரிந்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை.

எனினும் ஊரார் கேட்ட பிரயோசனம் அறவே இல்லாமற் போகவில்லை. அந்நிய பாஷையின் வினையோடு மல்லுக்கட்டிய பின்னரே, சொந்தப் பாஷையின் வினையை ஒருநாளும் உற்றுநோக்காமலே பேசித் திரிந்தோம் என்பது புலப்பட்டு, மூலையில் கிடந்த நன்னூலைத் தூசி தட்டினேன். இம்முயற்சியில் நமக்கு ஒரு முன்னோடியும் உண்டு. கொழும்பில் வாழ்ந்த தமிழராகிய பிலிப்பு தெ மெல்லோ, கெசேனியுஸ் பிறப்பதற்கு முன்னரே எபிரேயமும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்து, 1759-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். நமக்குள்ள பாடநூலும் பேரகராதியும் அவருக்கு இருந்ததில்லை. ஆகையால், எபிரேயம் கடினம் என்று முறையிடும் இளைஞர்கள், அந்த முறையீட்டுக்குச் செலவிடும் நேரத்தில் இன்னொரு வாய்பாட்டை மனனம் செய்வார்களாக.