துரையும் சாமியும்

மாயாஜாலக் கதைக்கு ஒரு தலைவன் வேண்டும். நல்லது செய்யப் புறப்பட்டவன், ஆனால் வீரனா வில்லனா என்று கடைசிவரை பிடிபடாதவன். அப்படி ஆள் தேடி மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் பேசாமல் பதுளை பஸ்ஸில் ஏறுங்கள். எங்களிடம் இரண்டு மூன்று பேர் கைவசம் இருக்கிறார்கள்.

முதலாமவர் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையின் உதவி அரசாங்க ஏசண்டு. நீதிபதியும் அவரே, படைக்குத் தலைவரும் அவரே. வரி கேட்பவரும், கட்டாதவனை விசாரிப்பவரும், அவன் முறைத்தால் துப்பாக்கி எடுப்பவரும் ஒரே ஆள் என்றால் கச்சேரிக்கு எத்தனை நடை மிச்சம்! மனிதர் உழைப்பாளி. காட்டை வெட்டி றோட்டுப் போட்டார். ஊரில் நல்ல பெயர்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். யானையைக் கண்டால் கை சும்மா இருக்காது. 1,400 யானைக்கு மேல் சுட்டார் என்று இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய எமர்சன் டெனண்ட் எழுதி வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒன்று என்று சுட்டாலும் அத்தனையும் முடிக்க 27 வருஷம் ஆகும். இவர் செத்ததோ நாற்பது சொச்சம் வயதில். அதே கணக்கில் றோட்டுக் கமிஷனர் ஸ்கின்னர் பெயரிலும் ஏறக்குறைய 700 இருக்கிறது. அந்தக் காலத்து றோட்டு இலாகாவுக்குப் பாறையும் யானையும் ஒன்றுதான்போல. வழியில் நின்றால் வெடி. தந்தத்தை விற்றுத்தான் ரோஜர்ஸ் பதவி உயர்வு வாங்கினார் என்று ஒரு பேச்சும் உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. இலங்கை யானையில் தந்தம் உள்ளதே அபூர்வம்.

1845 ஜூன் 7. ஹப்புத்தளை வாடிவீடு. வெளியே இடியும் மழையும். சற்று ஓய்ந்ததும் துரை வராந்தாவுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். "எல்லாம் முடிந்தது" என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னாராம். சரியாகத்தான் சொன்னார். அடுத்த மின்னல் அவருக்கு.

நுவரெலியாவில் புதைத்தார்கள். அந்தக் கல்லறையையும் இடி விடவில்லை, கல் வெடித்ததே அதனால்தான் என்பது ஊர்க்கதை. 1,400 பிள்ளையாரைச் சுட்டவனைச் சும்மா விடுவாரா என்பது நம்மவர்களின் தீர்ப்பு. பதுளைக்காரர்களோ அவர் நினைவாகச் சேர்ந்து பணம் போட்டு சென் மார்க்ஸ் தேவாலயம் கட்டினார்கள். எல்லா வகுப்பு அபிமானிகளும் சேர்ந்து கட்டியது என்று கல்லிலும் வெட்டியிருக்கிறது. யானைகளிடம் சந்தா கேட்டதாகத் தகவல் இல்லை.

இரண்டாவது ஆளுக்கு 1817க்குப் போக வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுதான் கண்டியின் கடைசி நாயக்கர் ராஜாவை வெள்ளைக்காரன் வேலூருக்குக் கப்பலேற்றியிருந்தான். சிம்மாசனம் காலி. ஊவாக் காட்டில் திடீரென்று ஒருவர் தோன்றி, "நான் துரைசாமி, நாயக்கர் வம்சம்" என்றார். ஜனம் விழுந்து கும்பிட்டது. உண்மையில் அவர் காவியைக் கழற்றிய பிக்கு, பெயர் வில்பாவ. துரையும் நானே, சாமியும் நானே என்று ஒரே பெயரில் இரண்டு உத்தியோகம் பார்த்திருக்கிறார்! இதில் வேடிக்கை என்னவென்றால், 1817இல் ஊவாவில் துரைசாமி என்று பெயர் சொன்னால் ராஜா ஆகலாம். 1948இல் பதுளைத் தோட்ட லயத்துத் துரைசாமிக்குப் பிரஜாவுரிமைகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த டி. எஸ். சேனாநாயக்கவுக்குத் தேசபிதா என்று பெயர்.

துரைசாமியை விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சன் அம்பு பட்டுச் செத்தார். கலகத்தை அடக்க, ஊவாவின் திசாவையான, அதாவது மாகாண அதிகாரியான, கெப்பெட்டிபொலவை ஆளும் ஆயுதமும் கொடுத்து அனுப்பினார் ஆளுநர் பிரவுன்றிக். போனவர் கலகக்காரர் பக்கமே சேர்ந்துவிட்டார். சேர்ந்தவர் செய்த காரியத்தைப் பாருங்கள்: உங்கள் ஆயுதத்தால் உங்களோடு சண்டை போடமாட்டேன் என்று துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பினாராம். இரவல் வாங்கிய மண்வெட்டியையே திருப்பித் தராத ஊரில்! கடைசியில் மடுகல்ல என்ற பிரதானி துரைசாமியின் குட்டை உடைக்க, கலகம் ஆட்டம் கண்டது. ஊவாவின் வயலும் குளமும் பாழாயின. 1818 நவம்பரில் கண்டியில் கெப்பெட்டிபொலவின் தலை போயிற்று.

அதோடு விட்டார்களா? மண்டையோடு எடின்பரோவுக்குப் போயிற்று. மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்து ஆள் நல்லவனா கெட்டவனா என்று சொல்கிற 'விஞ்ஞானிகள்' அங்கே சங்கம் வைத்திருந்தார்கள். எத்தனை பேர் தடவினார்களோ! 1954இல்தான் கண்டியில் அதற்கு மண் கிடைத்தது.

1818 ஜனவரியில் கெப்பெட்டிபொல உட்பட ஊவாத் தலைவர்கள் 19 பேரைத் துரோகிகள் என்று அரசாங்க வர்த்தமானி அறிவித்திருந்தது. 2016 டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்துப் போட்டு அதை ரத்துச் செய்தார். ஏறக்குறைய 199 ஆண்டு துரோகி, மறுநாள் காலையிலிருந்து தேசிய வீரர். ரோஜர்ஸுக்கு அந்த வேலையும் மிச்சம். அவர் இன்னும் தேவாலயத்துச் சுவரில் பத்திரமாக இருக்கிறார்.

வெலிமடைப் பக்கம் கெப்பெட்டிபொல என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மரக்கறிக்குப் பெரிய மொத்தச் சந்தை. விடியும் முன் லொறிகள் வரிசையில் நிற்கும். லீக்ஸ் மூட்டைமேல் கால் போட்டுக்கொண்டு, காதில் போனுடன் ஒரு முதலாளி கத்துவார்:

"கெப்பெட்டிபொல என்ன விலைக்குப் போகுது?"