லயத்துக்கு ஒரு லோயர்

மலையகத்தில் ஒருவன் சட்டத்தரணி ஆவதற்குப் பரீட்சை, சத்தியப்பிரமாணம், கறுப்புக் கோட்டு எதுவும் வேண்டியதில்லை. திறந்த பல்கலைக்கழகத்துச் சட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தான் என்ற செய்தி போதும். ஹட்டனில் ஏறிய பஸ் தோட்டத்துக்கு வந்து சேருமுன்பே அவன் ‘லோயர் தம்பி’ ஆகிவிடுவான். என் கதையும் அதுதான். பாடப்புத்தகம் கைக்கு வரவில்லை, கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பீலியில் யார் முதலில் குடம் வைத்தது, பக்கத்துக் காம்பராக் கோழி யாருடைய லீக்ஸைக் கொத்தியது என்று எல்லாமே அவசர வழக்குகள். கட்டணம் பிளேன்டீ. பாவம் பார்த்துச் சிலர் சீனியும் போட்டார்கள்.

புத்தகம் வந்தபோது, அதில் முதலில் வந்தது ஒரு நத்தை. 1928இல் ஸ்கொட்லாந்தில் ஒரு பெண் குடித்த இஞ்சிபியர் போத்தலுக்குள் செத்த நத்தை கிடந்ததாம். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1932இல் தீர்ப்பானது. பொருளைத் தயாரிக்கிறவன் அதைப் பாவிக்கிறவர்மேல் கவனம் வைக்க வேண்டும் என்ற விதி உலகத்துக்குக் கிடைத்தது அதில்தான். சத்தமாகப் படித்ததை அம்மாயி கேட்டுக்கொண்டிருந்தார்.

“போத்தல்ல நத்தை கெடந்ததுக்கே கேசா? முப்பது வருசமா என் கால்ல அட்டை கடிச்சுச்சே, அதுக்கு யாரு மேல போடுறது?”

விரிவுரையாளரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அரசியலமைப்புச் சட்டத்தில் நம் மலையே வந்தது. பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலியர் மடுல்கெலைப் பக்கம் தோட்டவேலை பழக வந்த சின்னத்துரை. துரைமாரோடு டென்னிஸ் ஆடாமல் தொழிலாளர் பக்கம் பேசத் தொடங்கினார்; 1937இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மேடையும் ஏறினார். ஆளுநர் நாடுகடத்த உத்தரவிட்டார். அந்த உத்தரவு செல்லாது என்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இதைப் பெருமையோடு தோட்டத் தலைவரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “ஒரு துரைய அனுப்பப் பாத்ததுக்குக் கேசு போட்டாங்க, சரி. நம்ம சனத்த கப்பல்ல ஏத்துனப்போ?”

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அதற்கு முன்னால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. வாக்குரிமை கேட்டு கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. அம்மாயி தன் டிரங்குப் பெட்டியில் பழைய அரிசிக் கூப்பனைக்கூட எறியாமல் வைத்திருப்பது ஏன் என்று அந்த அத்தியாயம் படித்தபோதுதான் விளங்கியது. இந்த மலையில் கடதாசி இல்லாதவன் ஆளே இல்லை.

கடதாசி இருப்பவன் பாடு அதைவிட வேடிக்கை. மாரியாயி என்று பிறந்து, மாரியம்மா என்று அடையாள அட்டை எடுத்து, செக்ரோலில் மேரி என்று கொழுந்து பறித்த பெரியம்மாமார் லயத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். பதிவுகாரர் காதில் விழுந்தது ஒன்று, கிளாக்கர் பேனாவில் வந்தது வேறொன்று. மூன்று பேரும் ஒரே ஆள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். சேமலாப நிதிக்கு மட்டும் தெரியாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தை எடுக்கலாம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேரும். சட்டம் நல்ல சட்டம்தான். ‘யி’க்கும் ‘ம்மா’வுக்கும் நடுவில் பணம் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே என் சனிக்கிழமைகள் நத்தையோடு போவதில்லை. கிராம சேவகரிடம் கடிதம், சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி, பிரதேச செயலகத்தில் வரிசை. நீதிமன்றம் ஏறாமல் சட்டவேலை பார்க்கிற இப்படிப்பட்டவரை பாராலீகல் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் “போரம் நெரப்புற தம்பி”. லோயரிலிருந்து எனக்குப் பதவி இறக்கம் என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கில்லை. வாதாடி வெல்கிறவர்கள் கொழும்பில் தாராளமாக இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து போரத்தை வாசித்துக் காட்டுகிறவர்களுக்குத்தான் மலையில் பஞ்சம்.

வாசிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா அப்பாவின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதி அட்டை மூன்றையும் இன்றிரவே மேசையில் பரப்பிப் பெயரை ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அவர்கள் வேலையில் இருக்கும்போதே தோட்ட ஆபீசில் சொல்லித் திருத்துங்கள். லோயர் தம்பி பட்டம் வாங்கி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான் படிக்கிற வேகத்துக்கு, என் சொந்த 55 வயது முதலில் வந்துவிடும்.