தொண்ணூறு வோல்ட் அடியார்

இங்கிலாந்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில், காரின் பின்கதவைத் திறந்துவைத்துப் பழம்பொருள் விற்போரின் நடுவே, ஒரு பெட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் முதுகைத் திருப்பிப் பார்க்கும் ஒருவர் தென்பட்டால், அவர் பேட்டரி வால்வு ரேடியோச் சேகரிப்பாளர் என்று தயங்காமல் முடிவு கட்டிவிடலாம். வால்வு என்பது டிரான்சிஸ்டர் பிறப்பதற்கு முன் வானொலிப் பெட்டிக்குள் அலைகளை வாங்கிப் பெருக்கிக் கொடுத்த வெற்றிடக் கண்ணாடிக் குழாய். அதன் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட்டும், அதை வேலை வாங்கத் தொண்ணூறு வோல்ட்டும் வேண்டியிருந்ததால், அந்நாளைய கைப்பெட்டி தன் வயிற்றில் இருவகைப் பேட்டரிகளைச் சுமந்தது, அந்தப் பெட்டியை அதன் சொந்தக்காரர் தோள் இறங்கச் சுமந்தார். தலையில் ஒரு கைப்பிடி இருந்த ஒரே காரணத்துக்காக அதற்குப் ‘போர்ட்டபிள்’ என்று பெயர் வைத்தவர்களின் துணிச்சலை உலகம் வியக்கலாம். அடியார் வியப்பதில்லை, அவர் அதை அப்படியே நம்புகிறார்.

பெட்டி கைக்கு வந்ததும் அவர் நடத்தும் ஆராய்ச்சி, ஜாதகக் கட்டை உற்றுப் பார்க்கும் சோதிடரின் ஆராய்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. அலைவரிசைத் தகட்டில் ‘நேஷனல்’, ‘ரீஜனல்’ என்று பொறித்திருந்தால் பெட்டி 1939ஆம் ஆண்டுப் போருக்கு முந்தியது என்றும், ‘லைட்’ என்றிருந்தால் அந்தப் பி.பி.சி. ஒலிபரப்பு தொடங்கிய 1945 சூலைக்குப் பிந்தியது என்றும், ‘தேர்ட்’ என்பதும் சேர்ந்திருந்தால் 1946 செப்டம்பருக்கும் பிந்தியது என்றும் கணிக்கிறார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வால்வுகளை எண்ணுகிறார். டி.கே.91, டி.எஃப்.91, டி.ஏ.எஃப்.91, டி.எல்.92 என்னும் நால்வர் அணி இருந்தால் நான்கு இழைகளும் சேர்ந்து 250 மில்லிஆம்பியர் குடிக்கும்; ஐம்பதுகளின் நடுவில் வந்த 96 வரிசை அதில் பாதியோடு பசியாறிவிடும். இந்தப் பாதிக் கணக்கை அடியார் தம் தம்பி குடும்பத்தின் சிக்கனத்தைச் சொல்வதுபோல் பெருமையாகச் சொல்வார். இவ்வளவும் முடிந்த பின், உள்ளே பொங்கும் மகிழ்ச்சியை மறைத்து, இழவு வீட்டுக்கு வந்தவர் முகத்தோடு விலை கேட்பார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பேட்டரி முளைகளைச் சரிபார்ப்பதுதான். தொண்ணூறு வோல்ட்டைத் தவறுதலாக இழைக்குக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் நால்வரும் கைலாயம் சேர்வர். ஆகையால் இரண்டு முளைகளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாதபடி வேறுவேறாக அமைக்கப்பட்டன, ஆயினும் முளையை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பிகளை முறுக்கி இணைத்த முன்னாள் உரிமையாளர் ஒருவர் ஒவ்வொரு பெட்டியின் வரலாற்றிலும் இருந்தே தீருவார்.

எவர்ரெடியின் பி126 போன்ற தொண்ணூறு வோல்ட் பேட்டரிகள் இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்பதால், அடியார் ஒன்பது வோல்ட் சிறு பேட்டரிகள் பத்தை ஒன்றோடொன்று பொத்தான்போல் மாட்டித் தொடராக்கிவிடுகிறார். அதோடு நிறுத்திக்கொண்டால் அவர் வெறும் மின்பணியாளர். பழைய பேட்டரியின் மேலுறையை அச்சு அசலாக நகலெடுத்து, வண்ணத்தின் சாயல் பிசகிய மூன்று பிரதிகளைக் கிழித்தெறிந்து, நான்காவதை அட்டையில் ஒட்டி, விளிம்பை விரல்நகத்தால் நீவி மடித்து, அந்தப் பத்தையும் அதற்குள் அடைப்பதில்தான் அவருடைய பக்தி வெளிப்படுகிறது. மூடிய பெட்டிக்குள் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனைவி கேட்டால், பெட்டிக்குத் தெரியும் என்று பதில் வருகிறது.

அவருடைய கனவுப் பொருளோ ஒரு சமையல் சட்டி. 1949இல் வட ரொடீசிய மக்களுக்கு மலிவான ரேடியோ வேண்டுமென்று லுசாக்கா வானொலிக்காக எவர்ரெடி நிறுவனம் செய்துகொடுத்த பெட்டி, கைப்பிடி நீக்கிய அலுமினியச் சட்டியையே உடலாகக் கொண்டு, நீல வண்ணம் பூசி, ஐந்து பவுனுக்கு விற்கப்பட்டது. ‘சாஸ்பேன் ஸ்பெஷல்’ என்பது அதன் பெயர். அதைப் பற்றி அறிந்த நாள் முதல் அடியார் எந்தச் சந்தையிலும் பாத்திரக் குவியலைச் சும்மா கடந்ததில்லை. பிடியில்லாத சட்டி எதைக் கண்டாலும் கவிழ்த்துப் பார்த்துவிட்டே நகர்கிறார்.

ஒருவழியாகப் பெட்டி உயிர் பெறும் மாலையும் வருகிறது. மின்சார வால்வுப் பெட்டியைப்போல் அரை நிமிடம் காக்கவைக்காமல், குமிழைத் திருகியதும் குரல் எழுப்புவது பேட்டரிப் பெட்டியின் தனிக்குணம். மூடியின் உட்புறம் சுற்றிய கம்பியே வானலை வாங்கி என்பதாலும், அது திசை பார்த்தே அலையை வாங்கும் என்பதாலும், அடியார் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குள் மெல்லச் சுழல்கிறார். மத்திய அலையில் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்ட இந்நாளில், கிழக்கே ஒரு ‘கர்’ரும் மேற்கே ஒரு ‘கொர்’ரும்தான் கேட்கின்றன. இரண்டாவதைக் கூர்ந்து கேட்டுவிட்டு, அது அடுத்த வீட்டு மாடியறையின் கைப்பேசிச் சார்ஜர் என்று அடையாளம் கண்டு, நாளும் நேரமும் போட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்.