பசை டப்பாவை மூடு, பேராண்டி

ஏஞ்சாமி, மரத்துல பித்தளைக் கம்பி பதிக்கப் போறியாமா? ஆபீசுக்கு ரெண்டு நாள் லீவு, ஒரு டப்பா பசை, ஒரு சுருள் கம்பி. ஞாயித்துக்கெழம பொழுது உழுகறதுக்குள்ள நகைப்பொட்டி தயார்னு உம்பொண்டாட்டிகிட்டச் சொல்லியும் போட்டே. உன்ற தெகிரியத்துக்கே ஒரு கல்வெட்டு வெக்கலாம்.

உத்தரப்பிரதேசத்துல மைன்புரின்னு ஒரு ஊரு. தார்கஷின்னு அங்க தலமொறையா இதே சோலிதான். 2023-ல புவிசார் குறியீடுங்கூடக் கெடச்சுது. அந்த ஆளுக பசைய நம்பறதில்லீங்க சாமி. சீசம் மரத்த நல்லாக் காயவெச்சு, பூவுங் கொடியும் உளியால கீறி, கீறல்ல சன்னமான பித்தளப் பட்டிய நெட்டுக்குத்தா நிறுத்தி, தட்டித் தட்டி எறக்கறாங்க. மரமே கடிச்சுப் புடிச்சுக்கும். புள்ளி வேணும்னா கம்பிய நுணுக்கமாச் சுருட்டி அடிக்கோணும். பொறகு அரத்தால ராவித் தேய்க்கத் தேய்க்க, மரமும் பித்தளையும் ஒரே மட்டம்.

நீ வாங்கியாந்தது நேத்து அறுத்த பச்ச வேம்பு. பலே! மரம் காயக் காய ஒடுங்கும், பித்தள ஒடுங்குமா? ஆடிக்காத்து நாலு நாள் அடிக்கட்டும், உன்ற கம்பி நெளிஞ்சு மேல எந்திரிச்சுக்கும். உருவி எடுத்துக் கொடி கட்டிக்க, ரெண்டு துண்டாவது காயும்.

சீசம், நம்ம ஆனமல ஈட்டிக்குப் பங்காளி மரம். அதுக்காக ஈட்டி தேடிக் காட்டுக்குள்ள பூந்தறாத. பூந்தாலும் பாரஸ்ட்காரங்ககிட்ட எம்பேரச் சொல்லீறாத. சாளையில ஒடஞ்ச கட்டில் காலு ஒண்ணு கெடக்குது, உன்ற வயசுக்கு மேல காஞ்சது. அதுல அடிச்சுப் பழகு.

மைன்புரில பொட்டிக்கு முந்தி இந்தக் கம்பி வேலைய எதுக்குப் போட்டாங்கங்கறே? பாதக்குறட்டுக்கு! தோலு தீட்டுன்னு மரக்கட்டய மாட்டுனவங்க, மிதிக்கற எடத்துல இத்தன சிங்காரம் பண்ணிக்கிட்டாங்க. மதுராவுல கலெக்டரா இருந்த குரவுசுங்கற வெள்ளக்காரரு 1888-ல இதப்பத்திக் கட்டுரையே எழுதிப்போட்டாரு. உன்ற பொட்டியப் பத்தி எழுத எந்தக் கலெக்டரும் வரப்போறதில்ல, அதனால அவசரப்படாத.

மொதல்ல நேர்கோடு பழகு. கொடி, மயிலெல்லாம் அடுத்த வருசம். ஆனா ஒண்ணு, காஞ்ச மரமாச்சேன்னு அப்பத்தாளோட சப்பாத்திக் கட்டய மட்டும் தொட்டறாத. தொட்டீன்னா, சமாதானம் பண்ண என்னயக் கூப்படாத. எனக்கு அன்னைக்குச் சந்தையில வேல இருக்குது.