இரட்டைக் கன்று: இரட்டை யோகமா?

கேள்வி: எங்கள் தெருப் பால்காரரின் பசு ஒரு காளைக்கன்றும் ஒரு கிடேரியும் ஈன்றிருக்கிறது. இரட்டை யோகம்தானே?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: பிறந்தது இரண்டு; சினை பிடிப்பது அநேகமாக ஒன்றுகூட இல்லை! காளையோடு பிறந்த கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. காரணம், கூடப் பிறந்தவன்தான். கருவிலேயே இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் இணைந்துவிடுகின்றன. காளையின் ஹார்மோன் அந்த வழியே தங்கைக்குள் புகுந்து, கருப்பையை வளரவிடாமல் தடுக்கிறது. 1779-இலேயே லண்டனில் ஜான் ஹன்டர் இத்தகைய கிடேரிகளை அறுத்துப் பார்த்து எழுதினார். ரத்தக் கலப்பும் ஹார்மோனும்தான் காரணம் என 1916-இல் சிகாகோவின் ஃபிராங்க் லில்லி விளக்கினார். அண்ணனுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. இரண்டுமே கிடேரியாகப் பிறந்திருந்தால் கவலையே வேண்டாம்.

தெரியாமல் இரண்டு வருடம் தீனி போட்டு, ஊசிமேல் ஊசி போட்டு, சினை நிற்கவில்லையே என்று ஏங்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது. சென்னையில் வைக்கோலும் விலை, இடமும் விலை. பிறந்த சில வாரத்திலேயே பிறப்புறுப்பின் நீளத்தை அளந்து மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார். ரத்தத்தில் குரோமோசோம் சோதனை உறுதி செய்யும்.

இன்றைக்கு இரண்டுக்கும் வயிறார சீம்பால் கொடுக்கச் சொல்லுங்கள். தாய்க்கு நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பாருங்கள். இரட்டை ஈன்ற பசுவுக்கு அது தங்கிவிடும் ஆபத்து அதிகம். விழவில்லை என்றால் கையால் இழுக்க வேண்டாம். 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது, உடனே கேளுங்கள்.